அறிவுமதி காலியாக விட்ட கட்டம்

விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் சபைப் போதகர் ஜெபம் நடத்துவார். கொரோனா வந்துபோன பிறகு அதைப் போனிலும் காட்டத் தொடங்கினார்கள். நான் அப்போது ஒரகடம் ரோட்டில் ஒரு பெண்கள் விடுதியின் சமையல்கட்டில் இருந்தேன். ஐந்து மணி என்பது எனக்கு இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற நேரம். போனை மிளகாய்த்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்துவிடுவேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும், காது ஜெபத்தில் இருக்கும். அந்தக் கட்டடத்துக்குள் போனில் பேசலாம், நெட் வராது. விடுதியின் வைஃபையில்தான் அது ஓடியது.

ஒரு திங்கட்கிழமை அது நின்றுபோனது. போதகர் முகம் வருகிற இடத்தில் சிவப்பு எழுத்தில் அனுமதி இல்லை என்று வந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள், விடுதியின் வைஃபையைப் பார்த்துக்கொள்கிற அறிவுமதி டீ குடிக்க வந்தவள் என் போனை ஒரு பார்வை பார்த்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் ஐந்து மணிக்குப் போதகர் வந்துவிட்டார். கர்த்தர் திறந்தார் என்று சபையில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று சாட்சிகூடச் சொன்னேன். சமையல்கட்டு ஆட்களின் வைஃபை எண்களுக்கு மட்டும் ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை அந்த வாசலைத் திறந்துவிட்டவள் அறிவுமதி என்று எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "ஓடுதாக்கா? ஓடுனா சரி" என்று போய்விட்டாள். அவள் நெற்றியில் குங்குமம் இல்லாமல் ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவளை வெளியே தள்ளினவர்கள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதனால் அவள் பெயராவது எங்காவது அச்சில் இருக்கட்டும்.

அறிவுமதிக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. வல்லம் பக்கத்து ஊர்க்காரி, பயிர் வைத்த குடும்பம். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, செல்போன் செய்கிற கம்பெனியில் மூன்று வருஷம் அசெம்பிளி லைனில் நின்றாள். குனிந்து குனிந்து கழுத்து எலும்பு போய்விட்டது. அப்புறம்தான் இன்டர்நெட் கேபிள் இழுக்கிற வேலை கற்றுக்கொண்டாள். கணவர் வசந்தகுமார் லாரி செய்கிற ஆலையில் வேலை. ஒரு மகள், நாலாங்கிளாஸ். படப்பையில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். தினமும் ஸ்கூட்டியில் வருவாள். தோளில் நீலக் கேபிள் சுருள், கைப்பையில் ஒயர் நறுக்குகிற கட்டிங் பிளேயர், அதன் பக்கத்திலேயே டிபன் பாக்ஸ். அடிப்பிடித்த சோறு என்றால் உயிரை விடுவாள். "அக்கா, அடிச்சட்டிய கழுவிடாதீங்க, நான் வந்துகினே கீறேன்" என்று போன் போட்டுச் சொல்லுவாள்.

எங்கள் விடுதியில் ஆயிரத்து இருநூறு பெண் பிள்ளைகள். பல கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு காண்ட்ராக்டர் நடத்திய விடுதி அது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கூட்டிவந்து, இரண்டு வருஷம் பயிற்சி என்று எழுதி வாங்கிக்கொண்டு லைனில் நிறுத்துவார்கள். ஷிப்டுக்குப் பஸ் வரும், ஷிப்டு முடிந்தால் பஸ் கொண்டுவந்து விடும். ஞாயிறு இரண்டு மணி நேரம் வெளியே போகலாம். மற்ற நாளில் வெளியே போகக் கையெழுத்துப் போட்ட பாஸ் வேண்டும். ஆறு மணிக்கு மேல் ஆண்கள் மாடிக்குப் போகக் கூடாது என்பதால்தான் அறிவுமதி போன்ற ஒரு பெண்ணை வைஃபை வேலைக்கு வைத்தார்கள்.

அந்த வைஃபைக்கு ஒரு பூட்டுப் போடச் சொன்னார் மேனேஜர் கோதண்டராமன். அதற்குப் பெயர் பிராக்சி சர்வர். மாடிப்படிக்குக் கீழே, பினாயில் கேனும் துடைப்பமும் வைக்கிற அறையில், ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து அதை அவள்தான் கட்டினாள். எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. என் கவுண்டரில் நின்றே அவள் விளக்கினாள்.

"அக்கா, பொண்ணுங்க நேரா சமையல்கட்டுக்குள்ள வருதா?"

"வராதே. என்கிட்ட கேக்கும், நான் உள்ள போய் எடுத்துவந்து குடுப்பேன்."

"அவ்ளோதான் பிராக்சி. எந்தப் பொண்ணு போன்ல இன்னா கேட்டாலும் நேரா வெளிய போவாது. இந்தப் பொட்டிகிட்ட வரும். பொட்டி போய் எடுத்தாந்து குடுக்கும். வெளிய இருக்கறவனுக்குப் பொட்டியதான் தெரியும், பொண்ணத் தெரியாது. ஆனா பொட்டிக்கு எல்லாம் தெரியும். யாரு கேட்டா, இன்னா கேட்டா, எப்ப கேட்டா."

"எனக்குந்தான் தெரியும், எந்தப் பொண்ணு ரெண்டாவது முட்ட கேட்டுதுன்னு."

"நீங்க அத எழுதி மேனேஜர்கிட்ட குடுக்க மாட்டீங்க. இது குடுக்கும்."

ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு கடவுச்சொல். என் எண் கே-ஏழு. கே என்றால் கிச்சன். எண்ணைப் போட்டால்தான் பெட்டி பேசும். திங்கள்தோறும் எந்த எண் எங்கே போனது என்று ஒரு தாள் அச்சடித்துக் கோதண்டராமன் மேசைக்குப் போகவேண்டும்.

எதை எல்லாம் பூட்டினார் அவர்? கெட்ட படங்களை. சரி, அது நல்லது, நானே சந்தோஷப்பட்டேன். அதோடு நிறுத்தினாரா? வேலை தேடுகிற பக்கங்கள், அரசுத் தேர்வு, நர்சிங், டீச்சர் டிரெயினிங், காலேஜ் சேர்க்கை எல்லாவற்றையும் பூட்டச் சொன்னார். படித்துவிட்டால் போய்விடுவார்களாம். இரண்டு வருஷம் முடியாமல் ஒரு பிள்ளை போனால் காண்ட்ராக்டருக்குக் கம்பெனியில் திட்டு விழுமாம். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு படிப்பின் பெயரைத் தேடுவது திருட்டா? அதற்கு ஒரு காவல், அந்தக் காவலுக்கு ஒரு பதிவு, அதைப் படிக்க ஒரு மேனேஜர்.

இதில் இன்னொன்றும் உண்டு. எங்கள் சமையல்கட்டு எண்களை மட்டும் அந்தப் படிப்புப் பூட்டிலிருந்து விட்டுவிட்டார்கள். சமையல்காரிகள் படிப்பைத் தேடுவார்கள் என்று அவர்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அதையும் சேர்த்தே கோபப்படுகிறேன்.

பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? பத்து நாள் ஆகவில்லை. சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி வந்து, "அக்கா, ஒங்க நம்பர கொஞ்சம் குடுங்க" என்பாள். கேட்டவளுக்கெல்லாம் கொடுத்தேன். தண்ணீர் கேட்டால் கொடுக்கமாட்டோமா, அப்படித்தான் எனக்கு இருந்தது. வாய் வலிக்கிறது என்று கடைசியில் கவுண்டருக்கு உள்பக்கச் சுவரில் சாக்பீஸால் எழுதியே வைத்துவிட்டேன். கே-ஏழு, கீழே கடவுச்சொல்லும். நான் செய்த முட்டாள்தனம் அது. அஞ்சாங்கிளாஸ் அறிவுக்கு அவ்வளவுதான் எட்டியது.

காவேரி என்று ஒரு பிள்ளை. சங்கரன்கோவில் பக்கம், அப்பா மாசானம் ஆடு மேய்க்கிறவர். பிளஸ் டூவில் நல்ல மார்க், நர்சிங் ஆசை. காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்துகிற நர்சிங் பள்ளியில் இலவசமாகப் பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்று என் எண்ணில் தேடிக் கண்டுபிடித்தாள். விண்ணப்பமும் போட்டாள். ஆனால் நேர்முகத்துக்கு நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. அந்தப் பள்ளியின் இணையப் பக்கத்தில் நேர்முகத்துக்கு எப்போதாவது இரண்டு மூன்று இடம் திறக்கும், பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் உடனே எடுத்துவிடுவார்கள். லைனுக்குப் போகிற பிள்ளை போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எட்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் எல்லாம் போயிருக்கும்.

"மூணு வாட்டி விட்டுப்போச்சுக்கா. பஸ்ஸ விட்டு எறங்குதேன், பாக்கேன், காலி. இந்த மாசத்தோட மூடிருவாங்களாம். நா என்னக்கா செய்ய?" என்று கவுண்டரில் நின்று அழுதாள். பின்னால் இருந்தவள், "ஏட்டி, அழுகிறத ஓரமா நின்னு அழு, பசிக்கி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், காவேரியும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான்தான் அறிவுமதியிடம் போனேன். ஆள் இல்லாத நேரத்தில் மெஷினே பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

"பாக்கும். இன்னா பெரிய விஷயம்" என்றாள்.

ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான். விடுதியின் கம்ப்யூட்டர் அறையில் இருந்த நாலு கம்ப்யூட்டர்களில் ஒன்றில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வைத்தாள். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது தானாகவே போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும். இடம் இருந்தால் காவேரியின் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பிடித்துவிடும். நர்சிங் பக்கம் மற்ற எண்களுக்குப் பூட்டு என்பதால் அது என் கே-ஏழிலிருந்துதான் போனது. புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓடவிட்டாள். ஞாயிறு மதியம் இடம் கிடைத்துவிட்டது. வருகிற புதன்கிழமை, காலை பத்தரை மணி. காவேரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டதில் என் கரண்டியில் இருந்த ரசம் அவள் முதுகில் கொட்டியது. ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா என்று சொல்லிப் புதன்கிழமையிலிருந்து நாலு நாளைக்குப் பாஸும் வாங்கிவிட்டாள். பொய்தான். நான் தடுக்கவில்லை.

அறிவுமதி ஒரு பிசகு செய்திருந்தாள். அந்தப் புரோகிராமுக்குத் தூங்கச் சொல்லித்தர மறந்துவிட்டாள். மனுஷி என்றால் ராத்திரி தூங்குவாள். அது தூங்கவில்லை. நாலு நாளில் முந்நூற்று எண்பத்து நாலு முறை போயிருக்கிறது.

திங்கட்கிழமைத் தாளை எப்போதும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள், கொடுக்குமுன் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். அந்தத் திங்கட்கிழமை மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அரை நாள் லீவு. தாளைக் கோதண்டராமனே எடுத்துவிட்டார்.

காலை டிபன் நேரம். ஜெனரல் ஷிப்டுப் பிள்ளைகள் இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர் தாளைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். முன்பு ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர். எப்போதும் நாலு பேர் கேட்கப் பேசுவார்.

"இன்னா ஞானம்மா, நர்ஸாகப் போறியாமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாலு நாள்ல முந்நூத்தி எண்பத்திநாலு வாட்டி நர்சிங் ஸ்கூல பாத்துகினு இருந்துகீற. விடியக்காத்தால மூணு மணிக்கி ஒரு வாட்டி, மூணே காலுக்கு ஒரு வாட்டி. தூங்கவே மாட்டியா? அஞ்சாங்கிளாஸுக்கு ஊசி போடக் குடுப்பாங்களா?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அப்புறம் புரிந்தவர்கள் அடங்கினார்கள். காவேரி தட்டோடு ஏழாவது ஆளாக நின்றாள். குனிந்தவள் நிமிரவில்லை.

"என் நம்பர்தான் சார்" என்றேன்.

"நம்பர் உன்துதான். விரலு யாரோடது?"

கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தவர் சுவரைப் பார்த்துவிட்டார். சாக்பீஸ் எழுத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"சூப்பர். போர்டே மாட்டிகீற. நாளைக்கிப் பத்து மணி. யாருன்னு பேரு வரணும். வரலன்னா நீ மூட்டைய கட்டு. அந்தப் பொட்டியில எந்தப் போன்னு இருக்கும், ஆள வரவச்சி எடுக்கறேன். தெரிஞ்சிது, அந்தப் பொண்ணுக்குப் பாஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வூட்டுக்குப் போன் போட்டு அப்பன வரவைப்பேன்."

அவர் சொன்னதில் ஒன்றுதான் என் காதில் நின்றது. பாஸ் கிடையாது. புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதுவரை அந்தப் பெயர் வெளியே வராமல் இருக்கவேண்டும். சேரும்போதே ஒவ்வொரு பிள்ளையின் போனையும் பெயரோடு பதிவு செய்து வாங்கியிருந்தார்கள். காவேரி தன் போனில்தான் முதலில் தேடினாள். பெட்டியைத் திறந்தால் பெயர் வந்துவிடும்.

மதியம் அறிவுமதி வந்தாள். அவளை அரிசி மூட்டை அடுக்குகிற அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். என் வாழ்நாளில் யாரையும் நான் அப்படித் திட்டியதில்லை.

"நீதானடி கட்டுன அந்தப் பொட்டிய. புள்ளைங்க இன்னா பாக்குது, எப்ப பாக்குதுன்னு எழுதி வைக்கிற பொட்டிய ஒரு பொம்பள கட்டுவாளா? ஒனக்கும் ஒரு பொண்ணு இருக்குதே."

"ஆமா. நான்தான் கட்டுனேன்."

"ஏன் கட்டுன?"

"சம்பளத்துக்குத்தான். வேற எதுக்கு? நீங்க எதுக்குக்கா சாம்பார்ல ரெண்டு குடம் தண்ணி சேத்து ஊத்துறீங்க? அவங்க சொல்லித்தானே?"

உண்மைதான். பருப்பைக் குறை என்பார்கள், குறைப்பேன். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேதான் குறைப்பேன்.

அவள் மூட்டைமேல் உட்கார்ந்தாள். கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. அந்தப் பொட்டி மூணு எழுதும். எந்த நம்பரு, எந்தப் பக்கம், எந்தப் போனு. மூணாவத நான் மொத நாளே நிறுத்திட்டேன். அந்தக் கட்டம் காலியாதான் கீது."

"மொத நாளேவா? யாரு சொல்லி?"

"யாரு சொல்லுவா? நானும் ஹாஸ்டல்ல இருந்தவதான்க்கா. அங்க எட்டுப் பேருக்கு ஒரு சோப்பு, ஒருத்தி செருப்ப ஒருத்தி போட்டுகினு போவா. நம்பரும் அப்படித்தான் கைமாறும்னு எனக்குத் தெரியாதா? நம்பர் வச்சி எவனும் ஆளப் புடிக்க முடியாது. போன் வச்சிப் புடிச்சிடுவான். அதான் எழுத விடல."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க சாட்சி சொல்லிடுவீங்க" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடே சிரித்தேன்.

"நாளைக்கி நீங்க வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கறேன். புரோகிராம்ல காவேரியோட விண்ணப்ப நம்பரு கீது, அத இப்பவே அழிச்சிடறேன். புதன்கெழம அந்தப் பொண்ணு கேட்டத் தாண்டிட்டா போதும்."

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் அறையில் நாலு பேர் இருந்தோம். கோதண்டராமன், நான், அறிவுமதி, சென்னையிலிருந்து காண்ட்ராக்டர் அனுப்பிய ரகு என்கிற டெக்னீஷியன். ரகு மடியில் லேப்டாப்பை வைத்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உள்ளுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். என்ன ஜெபித்தேன் என்று கேட்டால், அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும் ஆண்டவரே என்பதுதான். அதற்கு வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

"சார், எந்த டிவைஸ்னு வர்ற கட்டம் காலியா இருக்கு" என்றார் ரகு.

"அந்த நாலு நாளுக்கா?"

"இல்ல சார். ஆரம்பத்துலேர்ந்தே. செட் பண்ணும்போதே ஆஃப் பண்ணியிருக்காங்க."

கோதண்டராமன் அறிவுமதியைப் பார்த்தார். "மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர்கூட அந்த வாசலைத் திறந்து வைத்துத்தான் கேட்டார். அவள் சொல்லவில்லை.

"இல்ல சார். வேணும்னுதான் நிறுத்துனேன்."

"என்கிட்ட சம்பளம் வாங்கிகினு எனக்கே கண்ண கட்டிகினு இருந்தியா?"

"நீங்க பூட்டச் சொன்னதப் பூட்டுனேன். எழுதச் சொன்னத எழுதுனேன். எந்தப் பொண்ணு போனுன்னு எழுதச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லல. நானும் கேக்கல."

"வாய் பேசாத. நர்சிங் ஸ்கூல தேடுனது யாரு?"

"நான்தான். என் நாத்தனாருக்கு. புரோகிராம் போட்டதும் நான்தான். கம்ப்யூட்டர் ரூம்ல நாலாவது மெஷின்ல கீது, அவரையே பாக்கச் சொல்லுங்க."

அவர் என்னிடம் திரும்பினார். "அப்படியா ஞானம்மா? நீ பொய் சொல்ல மாட்ட. சர்ச்சுக்குப் போறவ."

எனக்குத் தெரியும், அவளுக்கு நாத்தனாரே கிடையாது. வசந்தகுமார் ஒரே பிள்ளை. நான் தரையைப் பார்த்தேன். "நம்பர நான்தான் சார் அறிவுமதிக்குக் குடுத்தேன்" என்றேன். அது உண்மை. கொடுத்தேன்தான். ஓர் உண்மையை எடுத்து இன்னோர் உண்மையின்மேல் மூடினேன். அதற்காக முழங்காலில் நின்று எவ்வளவோ நாள் ஜெபித்துப் பார்த்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. என் நம்பிக்கையைக் காட்டியே என்னிடம் ஒரு பிள்ளையின் பெயரை வாங்கப் பார்த்தாரே அந்த மனுஷன், அதுதான் திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது.

அவள் ஐடி கார்டை அங்கேயே கழற்றி வாங்கினார். பெட்டியின் கடவுச்சொல்லை ரகுவிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தாள். ரகு அதை வாங்கும்போது, "ஸாரி மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குக்கூடக் கோதண்டராமன் முறைத்தார்.

அதோடு விட்டார்களா? கேட்டில் வைத்து அவள் கைப்பையைக் கொட்டச் சொன்னார். செக்யூரிட்டி அன்பு தினமும் அவளுக்கு வணக்கம் வைக்கிறவர். "மேடம், சார் சொல்றாரு, நான் இன்னா பண்றது" என்று கும்பிட்டார். சிமெண்ட் பெஞ்சில் ஒவ்வொன்றாக வைத்தாள். கட்டிங் பிளேயர், சீப்பு, கண் சொட்டு மருந்து, மகள் மறந்துவிட்டுப்போன ஜாமெட்ரி பாக்ஸ். டிபன் பாக்ஸையும் திறக்கச் சொன்னார்கள். எலுமிச்சைச் சாதம். அதற்குள் என்ன வைத்துக் கடத்துவாள்? ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் பார்ப்பதையும் தேடுவதையும் எழுதி வைத்துக்கொள்கிறவர்கள், ஒருத்தி கொண்டுவந்த சோற்றைக் கிளறிப் பார்த்தார்கள். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று இதைப் பார்த்தேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அணைக்கப் போகவில்லை.

காவேரி மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேட்டைத் தாண்டினாள். கையில் துணிப்பை, பையில் கொடைக்குக் கட்டுகிற சேலை மேலாக இருந்தது, அதன் கீழே சான்றிதழ்கள். நான் கவுண்டரிலிருந்தே பார்த்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை தேர்வாகி, இப்போது அந்த நர்சிங் பள்ளியில் இரண்டாம் வருஷம் படிக்கிறது. மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்து, சுகர் பார்த்தீர்களா, பிரஷர் பார்த்தீர்களா என்று அதட்டுகிறது.

புதிதாக வந்த ஆள் மூன்றாவது கட்டத்தைத் திறந்துவிட்டார். சமையல்கட்டு எண்களுக்கும் பூட்டு வந்தது. அடுத்த மாதமே இரண்டு பிள்ளைகள் வேறு கம்பெனியின் வேலைப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று அப்பாக்களை வரவழைத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஒருத்தி போகும்போது கவுண்டருக்கு வந்து, "அக்கா, நா சும்மாதான் பாத்தேன்" என்றாள், நான்தான் அவளை அனுப்புகிற மாதிரி. அன்றைக்கே நானும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது எங்கள் சபை நடத்துகிற பள்ளிக்கூடத்தில் சத்துணவு மாதிரி ஒரு சின்னச் சமையல். சாம்பாரில் தண்ணீர் சேர்ப்பதில்லை.

கோபம் மட்டும் போகவில்லை. சாந்தமாக இருக்கக் கற்றுக்கொடுத்துத்தான் என்னை வளர்த்தார்கள். ஆனால் அந்தப் பெட்டி இன்னும் அந்த மாடிப்படிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அறிவுமதி குடும்பம் அந்த வருஷமே ஓசூர்ப் பக்கம் போய்விட்டது. வசந்தகுமாருக்கு அங்கே வேலை மாறியது. அவளுடைய பழைய போன் எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

கேட்டுக்கு வெளியே அவள் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏப்ரனோடே ஓடினேன். கண்டெய்னர் லாரி ஒன்று போய் ரோடு முழுக்க மண்ணாக இருந்தது. எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வேல நின்னிருக்குமே, பாவி, ஏன் சொல்லல என்று கேட்டேன். அவள் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே மாடி ஜன்னல்களை ஒருமுறை பார்த்தாள். காவேரி அப்போது லைனில் இருந்தாள், ஆறு மணி பஸ்ஸுக்குத்தான் வருவாள்.

"அக்கா, நான் போயிட்டேன்னு காவேரிகிட்ட இன்னிக்கி சொல்லாதீங்க" என்றாள். "லீவுன்னு சொல்லுங்க. தெரிஞ்சா அழுதுகினே கெடக்கும். நாளைக்கி வீங்குன கண்ணோட போய் அவங்க முன்னால உக்காரக் கூடாது."